கிராமத்து ஜப்பானுக்குக் குழுவாகப் போகிறவர்களுக்கு: பதிவு முதல் திரும்பும் நாள் வரை

ஜப்பான் சுற்றுலா என்றாலே டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா, நடுவில் ஃபூஜி மலை முன்னால் ஒரு படம் என்றுதான் பெரும்பாலான திட்டங்கள் வருகின்றன. இங்கே நான் சொல்லப்போவது வேறு வகைப் பயணம். நடு ஜப்பானின் மலைப்பகுதியில் கிசோ பள்ளத்தாக்கு, தகயாமா, ஷிராகவா-கோ என்று பழைய ஊர்களில் தங்கி, பழைய சாலையில் நடந்து, அந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு வரும் பயணம். வழிகாட்டி ஒருவர் கூடவே வருவார், கூட்டாளிகள் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள்.

ஜப்பானிய நகரங்களில் தனியாகச் சுற்றுவது சுலபம். ரயில் நிலையப் பலகைகளில் ஆங்கிலம் உண்டு, எந்த நேரத்திலும் ஏதாவது கடை திறந்திருக்கும். மலை ஊர்களில் அப்படி இல்லை. பேருந்து ஒரு நாளைக்குச் சில தடவைதான் வரும். விடுதி நடத்தும் பாட்டிக்கு ஜப்பானிய மொழி தவிர வேறு தெரியாது. விடுதியில் இரவுச் சாப்பாட்டுக்குச் சொல்லி வைக்கவில்லை என்றால் வெளியே கடை தேடி அலைய வேண்டியதுதான். அதனால் முதல்முறை போகிறவர்கள் இந்தப் பகுதிக்கு மட்டுமாவது குழுவோடு போவது நல்லது என்பேன்.

முதலில்: திட்டத்தைப் படிக்கத் தெரிய வேண்டும்

விளம்பரத் தாளில் '9 நாளில் 14 இடங்கள்' என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். அந்த எண்ணைப் பார்க்க வேண்டாம். பேனாவை எடுத்து ஒவ்வொரு ராத்திரியும் எந்த ஊரில் படுக்கிறோம் என்று வரிசையாக எழுதுங்கள். திட்டத்தின் உண்மையான முகம் அதில் தெரியும்.

இந்த மலை ஊர்களுக்குப் பகல் சுற்றுலாப் பேருந்துகள் காலை பத்து மணி வாக்கில் வந்து சேரும், மாலை நான்கு மணிக்குள் கிளம்பிவிடும். நடுவில் இருக்கும் நேரத்தில் ஷிராகவா-கோவின் தெரு திருவிழாக் கூட்டம் போல இருக்கும். பேருந்துகள் போன பிறகு கடைகள் மூடும், வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும், வயலில் வேலை செய்தவர்கள் வீடு திரும்புவார்கள். நீங்கள் பார்க்க வந்த கிராமம் அப்போதுதான் கண்ணில் படும். அங்கே தங்காமல் தகயாமாவிலிருந்தோ கனசாவாவிலிருந்தோ ஒன்றரை மணி நேரம் இறக்கிவிட்டுக் கூட்டிப்போகும் திட்டத்தை 'கிராமப் பயணம்' என்று அழைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நல்ல திட்டம் ஒன்று ஏறத்தாழ இப்படி இருக்கும். டோக்கியோவில் இரண்டு ராத்திரி, களைப்புத் தீர. அங்கிருந்து ரயிலில் மட்சுமோட்டோ. அந்த ஊரின் கறுப்புக் கோட்டையைப் பார்த்துவிட்டு கிசோ பள்ளத்தாக்கில் இரண்டு ராத்திரி. பிறகு தகயாமாவில் இரண்டு, ஷிராகவா-கோவில் ஒன்று, கனசாவாவில் ஒன்று, கடைசியில் கியோட்டோவில் இரண்டு. மொத்தம் பத்து ராத்திரி. இதில் ஒரு ராத்திரியைக் குறைக்க வேண்டும் என்றால் நகரத்தில் குறையுங்கள், மலையில் வேண்டாம். தினமும் பெட்டி கட்ட வைக்கும் திட்டமாக இருந்தால் மூன்றாம் நாளே சலித்துவிடும்.

இன்னொரு வகையும் உண்டு. ஒசாகாவுக்குத் தெற்கே கோயாசான் என்ற மலையில், கூக்காய் என்ற துறவி 816-ல் தொடங்கிய புத்த மடங்களில் ராத்திரி தங்கும் பயணம். ஐம்பது கோயில்கள் வரை பயணிகளுக்கு இடம் கொடுக்கின்றன. சுத்த சைவம் சாப்பிடுகிறவர்கள் அதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். காரணத்தைச் சாப்பாட்டுப் பகுதியில் சொல்கிறேன்.

எப்போது போவது

மலையில் செர்ரிப் பூ டோக்கியோவைவிடத் தாமதமாகப் பூக்கும். டோக்கியோவில் மார்ச் கடைசி என்றால் தகயாமாவில் ஏப்ரல் நடுப்பகுதி. இலை சிவக்கும் காலம் அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடு வரை. இரண்டும் அழகு, இரண்டும் கூட்டம், இரண்டும் விலை. தகயாமாவில் ஏப்ரல் 14, 15 தேதிகளிலும் அக்டோபர் 9, 10 தேதிகளிலும் தேர்த் திருவிழா நடக்கும். மரச்சிற்ப வேலையும் சில தேர்களில் ஆடும் பொம்மைகளுமாக, பார்க்க வேண்டிய விழாதான். அந்த நாட்களுக்கு அறை வேண்டுமென்றால் பல மாதங்களுக்கு முன்பே ஏற்பாடு செய்திருக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் மே மாதத்தின் பின்பாதியைச் சொல்வேன். ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே 5 வாக்கில் முடியும் உள்நாட்டு விடுமுறை வாரம் கழிந்திருக்கும். மழைக்காலம் ஜூன் தொடக்கத்தில்தான் வரும். வயல்களில் தண்ணீர் கட்டி நாற்று நடும் நேரம் அது, நம் ஊர்க்காரர்களுக்கு அதைப் பார்க்கவே பிடிக்கும். ஜூலை, ஆகஸ்டில் பள்ளி விடுமுறை என்று கிளம்பினால் நகரங்களில் சென்னையைப் போன்றே வேர்த்து ஊற்றும். ஆகஸ்ட் நடுவில் மூதாதையரை வரவேற்கும் ஓபோன் நாட்கள் வருவதால் ரயில் எல்லாம் நிரம்பிவிடும். ஜனவரி, பிப்ரவரியில் ஷிராகவா-கோ பனியில் புதைந்திருக்கும். படம் பிரமாதமாக வரும். ஆனால் பனியில் நடக்கப் பழகாதவர்களுக்கு வழுக்கலும் குளிரும் சேர்ந்து பாதிப் பயணத்தை அறைக்குள்ளேயே முடித்துவிடும். வயதானவர்களோடு போகிறீர்கள் என்றால் தவிர்த்துவிடுங்கள்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

குழுவில் அதிகபட்சம் எத்தனை பேர் என்று கேளுங்கள். பழைய ஊர்களில் உள்ள குடும்ப விடுதிகளில் சில அறைகள்தான் இருக்கும். நாற்பது பேர் குழுவை அவற்றில் தங்கவைக்க முடியாது. அப்படிப்பட்ட குழு எப்படியும் நகரத்துப் பெரிய ஹோட்டலுக்குத்தான் போகும். பதினான்கு பேருக்குள் இருந்தால் நல்லது.

வழிகாட்டி ஒருவரே பயணம் முழுக்க வருகிறாரா, ஊருக்கு ஊர் மாறுகிறாரா என்பதும் முக்கியம். ஜப்பானில் வழிகாட்டி-மொழிபெயர்ப்பாளருக்கு அரசுத் தேர்வு உண்டு. 2018 ஜனவரியிலிருந்து உரிமம் இல்லாதவர்களும் கூலிக்கு வழிகாட்டலாம் என்று சட்டம் தளர்ந்துவிட்டது. உரிமம் இல்லாதவர் மோசம் என்று சொல்ல வரவில்லை. ஊரில் பிறந்து வளர்ந்தவர் பல சமயம் அதிகம் சொல்லுவார். ஆனால் விடுதிக்காரரோடு உங்கள் சாப்பாட்டைப் பற்றி ஜப்பானிய மொழியில் பேசித் தீர்க்கக்கூடிய ஒருவர் கூடவே இருக்க வேண்டும். சென்னையிலிருந்து கூடவே வரும் 'டூர் மேனேஜர்' அந்த வேலையைச் செய்ய முடியாது.

அப்புறம் அறை. ஷிராகவா-கோவின் கூரை வீட்டு விடுதிகளில் அறைக்கும் அறைக்கும் நடுவே பெரும்பாலும் காகிதக் கதவுதான். பக்கத்து அறைக் குறட்டை உங்கள் அறையில் கேட்கும். கழிப்பறையும் குளியலறையும் பொது. படுக்கை தரையில். இதெல்லாம் முன்பே தெரிந்து போனால் சுகமான அனுபவம், தெரியாமல் போனால் சண்டை. முழங்கால் வலி உள்ளவர்கள் சாப்பிட நாற்காலி கிடைக்குமா, எந்த ஊரில் கட்டில் உள்ள அறை உண்டு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தனி அறை வேண்டும் என்றால் கூடுதல் கட்டணம் எவ்வளவு, சில ஊர்களில் தனி அறையே கிடையாதா என்பதையும்.

ரயில் கட்டணம் பயணத்தொகையில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் சேர்ந்திருக்கும். அப்படியானால் குறித்த நாட்களுக்கு ரயிலில் சுற்ற உதவும் ஜேஆர் பாஸைத் தனியாக வாங்க வேண்டாம். 2023 அக்டோபரில் 7 நாள் பாஸின் விலை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னுக்கு ஏறிவிட்டது. தெரிந்தவர் யாராவது 'முதலில் பாஸ் வாங்கு' என்று சொன்னால் அவர் அதற்கு முன்பு போய்வந்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விசா

இந்தியாவில் வசிக்கும் இந்தியர்கள் 2024 ஏப்ரலிலிருந்து சுற்றுலாவுக்கு மின்விசா பெறலாம். விண்ணப்பம் விஎஃப்எஸ் என்ற விசா விண்ணப்ப மையம் வழியாகப் போகிறது. பயணத்திட்டம், வங்கிக் கணக்கு விவரம், வருமான வரித் தாள் எல்லாம் கேட்பார்கள். குழுப் பயணம் என்றால் திட்டத்தை நிறுவனமே தயாரித்துத் தரும். கவனிக்க வேண்டியது ஒன்று: விமான நிலையத்தில் அந்த மின்விசாவை இணையத்தில் திறந்து நேரடியாகக் காட்ட வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டோ அச்சிட்ட தாளோ செல்லாது. அதனால் கிளம்பும் முன்பே போனில் இணையம் வேலை செய்ய ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். இலங்கைக் கடவுச்சீட்டுக்கும் விசா வேண்டும். சிங்கப்பூர்க்காரர்களுக்கும், சிப் பொருத்திய மலேசியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கும் குறுகிய காலச் சுற்றுலாவுக்குத் தேவையில்லை.

விசா வரும் முன் முழுப்பணத்தையும் கட்டச் சொன்னால், ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும் என்பதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். பயணக் காப்பீடு கட்டாயம் எடுங்கள். வெளிநாட்டவர் அங்கே மருத்துவமனைக்குப் போனால் முழுச்செலவும் நம் கையிலிருந்துதான்.

சாப்பாடு: இதைப் பதிவு செய்யும்போதே பேசுங்கள்

தமிழர்கள் சேர்ந்து போகும் குழுவில் எந்தப் பிரச்சினை வந்தாலும் கடைசியில் சாப்பாட்டில் வந்துதான் நிற்கும். எனவே இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஜப்பானியச் சமையலின் அடித்தளம் தாஷி என்ற சாறு. வேகவைத்து, புகையிட்டு, மரக்கட்டை போல் காயவைத்த சூரை வகை மீனைச் சீவி, கொம்பு என்ற கடற்பாசியோடு சேர்த்து எடுப்பார்கள். மிசோ என்ற சோயா விழுதைக் கரைத்த சூப்பில் அது இருக்கும். அவித்த காய்கறியில் இருக்கும். குளிர்ந்த சோபா நூடுல்ஸைத் தோய்த்துச் சாப்பிடும் சாற்றில் இருக்கும். கண்ணுக்கு மீன் தெரியாது. 'நான் வெஜிடேரியன்' என்று சொன்னால் பல விடுதிகளில் இறைச்சியை மட்டும் நிறுத்துவார்கள். அவர்கள் ஏமாற்றவில்லை, அவர்கள் கணக்கில் தாஷி மீனே அல்ல.

ஆகவே நிறுவனத்துக்கு எழுதும்போது வெறும் 'சைவம்' என்று எழுதாதீர்கள். இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், மீன் தாஷி வேண்டாம், கடற்பாசித் தாஷி போதும், முட்டை சாப்பிடுவேன் அல்லது சாப்பிட மாட்டேன் என்று பிரித்து எழுதுங்கள். அதையே ஜப்பானிய மொழியில் ஒரு சின்ன அட்டையாக அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். எந்தக் கடையிலும் நீட்டலாம். விடுதிச் சமையல்காரர் சில நாட்களுக்கு முன்பே காய்கறி வாங்கி, எந்தத் தட்டில் எது என்று முடிவு செய்துவிடுவார். போய் உட்கார்ந்த பிறகு 'எனக்கு இது வேண்டாம்' என்றால் அவரிடம் வேறு எதுவும் இருக்காது. சங்கடத்தில் அவர் முகம் வாடுவதைப் பார்க்கும் நமக்கும் சாப்பாடு இறங்காது.

இந்தக் கவலை எதுவும் வேண்டாம் என்பவர்களுக்குத்தான் கோயாசான். மடத்தில் தரும் ஷோஜின் சாப்பாடு முழுச்சைவம். மரபுப்படி வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள். எள்ளை அரைத்துச் செய்யும் எள் தோஃபு, உறையவைத்துக் காயவைத்த கோயா தோஃபு, மலைக்கீரை, ஊறுகாய், சோறு. சிறு சிறு கிண்ணங்களில், சிவப்பு அரக்குத் தட்டில் வரும். காரம் இருக்காது, அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தகயாமாவில் ஹிதா மாட்டிறைச்சிதான் ஊரின் பெருமை. தெருமுனைச் சுஷியில்கூட அது இருக்கும். மாட்டிறைச்சி, பன்றி சாப்பிடாதவர்கள் அதையும் தெளிவாக எழுதிக் கொடுங்கள். ராமென் நூடுல்ஸின் சாறு பல இடங்களில் பன்றி எலும்பில் எடுத்தது. மிரின் என்ற இனிப்புச் சமையல் திரவமும் சமையல் சாக்கேயும் (அரிசி மது) மது சேர்ந்தவை, ஹலால் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டும். இந்த மலைப்பகுதியில் வெட்டுக்கிளியையும் குளவிப் புழுவையும் சோயாவில் இனிப்பாகக் கொதிக்கவைத்துச் சாப்பிடும் பழக்கம் உண்டு. தைரியம் இருந்தால் வாயில் போட்டுப் பாருங்கள்.

வீட்டிலிருந்து பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் எடுத்துப்போகலாமா? பொடி வகை கொண்டுபோகலாம். இறைச்சி சேர்ந்த எதையும் எடுத்துப்போகக் கூடாது. பச்சைக் கறிவேப்பிலை, பழம், காய்கறி போன்றவற்றைச் சான்றிதழ் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். விடுதி மேசையில் பொடி டப்பாவைத் திறப்பது சமையல்காரரை நோகடிக்கும். அதை ரயிலுக்கும் அறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். தயிர் இல்லாமல் முடியாதவர்களுக்கு நல்ல செய்தி: கன்வீனியன்ஸ் கடைகளில் சர்க்கரை சேர்க்காத கெட்டித் தயிர் டப்பாவாகவே கிடைக்கும். புளிப்பு குறைவுதான். ஒட்டும் அரிசிச் சோற்றில் உப்போடு பிசைந்தால் ஒரு தயிர்சாதம் தேறிவிடும்.

பெட்டி, மருந்து, செருப்பு

மலை ஊர்களுக்குப் பெரிய பெட்டியை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். கல் பாவிய சரிவில் சக்கரம் உருளாது. பெட்டியை முந்தின ஊரிலிருந்து அடுத்த பெரிய ஊர் ஹோட்டலுக்கு நேரே அனுப்பிவிடும் தக்யூபின் சேவை நாடு முழுக்க உண்டு. பெரும்பாலும் மறுநாள் போய்ச் சேரும், மலைக்குச் சில சமயம் இரண்டு நாள். நல்ல குழு நிறுவனம் இதைத் திட்டத்திலேயே சேர்த்திருக்கும். உங்கள் தோளில் இரண்டு ராத்திரிக்கான பை மட்டும் போதும். விடுதிகளில் யுகாதா என்ற பருத்தி அங்கி தருவார்கள், ராத்திரி உடையே தேவைப்படாது.

காலணி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். நடக்க வசதியான, பிடிப்புள்ள, ஆனால் நாடா அவிழ்க்காமல் கழற்றக்கூடிய காலணி. கோயில், விடுதி, பழைய வீடு என்று ஒரு நாளில் பத்துத் தடவையாவது கழற்றுவீர்கள். ஓட்டையில்லாத சாக்ஸ் நிறைய எடுங்கள். மட்சுமோட்டோ கோட்டைக்குள்ளும் காலணியைக் கழற்றிப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டுதான் ஏற வேண்டும். மரப்படிகள் சில இடங்களில் 61 பாகை வரை செங்குத்து. வழுக்கும் சாக்ஸ் ஆகாது.

மருந்தில் ஒரு எச்சரிக்கை. சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள மாத்திரைகளுக்கு ஜப்பானில் தடை. நம் ஊர்ச் சளி மாத்திரைகள் சிலவற்றில் அது உண்டு. கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் கட்டுப்பாடு இருக்கிறது. அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு, ஒரு மாத அளவுக்குள் எடுத்துப்போனால் சிக்கல் இல்லை.

மின்சாரம் 100 வோல்ட், தட்டையான இரண்டு முள் பிளக். போன் சார்ஜருக்கு மாற்றி ஒன்று போதும். நம் ஊர் கெட்டிலும் குட்டி ரைஸ் குக்கரும் அங்கே சரியாகச் சூடாகாது.

நடைநாள்: மாகோமேயிலிருந்து ட்சுமாகோ

இப்படிப்பட்ட பயணங்களில் பெரும்பாலும் ஒரு நடைநாள் இருக்கும், அது பெரும்பாலும் இந்தப் பாதைதான். எடோ காலத்தில் (17 முதல் 19-ம் நூற்றாண்டு வரை) எடோ என்று அழைக்கப்பட்ட இன்றைய டோக்கியோவையும் கியோட்டோவையும் மலை வழியாக இணைத்த நகாசெண்டோ சாலை சுமார் 530 கி.மீ. நீளம். வழியில் 69 தங்கல் ஊர்கள். மாகோமே 43-வது, ட்சுமாகோ 42-வது. இடையில் ஏறத்தாழ 8 கி.மீ. நிதானமாக நடந்தால் மூன்று மணி நேரம்.

மாகோமேயில் தொடங்கும் திட்டமா என்று பாருங்கள். மாகோமே சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து 800 மீட்டரை நெருங்கும் கணவாய்க்கு ஏறினால் போதும், பிறகு ட்சுமாகோவின் 420 மீட்டர் வரை இறக்கம்தான். எதிர்ப்பக்கம் தொடங்கினால் ஏற்றம் இரட்டிப்பு. பயணத்துக்கு ஒரு மாதம் முன்பிருந்தே மாடிப்படி ஏறிப் பழகுங்கள். சமதளத்தில் கடற்கரை நடை நடப்பது இந்த இறக்கத்துக்கு உதவாது, தொடைதான் வலிக்கும்.

பாதையில் ஆங்காங்கே பித்தளை மணி தொங்கும். கரடிக்கு நாம் வருவதை அறிவிக்க அதை அடித்துவிட்டுப் போக வேண்டும். கூச்சப்படாமல் அடியுங்கள். பாதி வழியில் ஒரு பழைய தேநீர்க் கூடம் வரும். தன்னார்வலர்கள் நடப்பவர்களுக்குத் தேநீர் தருவார்கள். அங்கே மரப்பெஞ்சில் உட்கார்ந்து பத்து நிமிடம் பேசுவதை வழிகாட்டி அவசரப்படுத்தினால் நீங்கள் அவசரப்படாதீர்கள். மாகோமே தெருவில் கொஹெய் மோச்சி விற்பார்கள். சோற்றை மசித்துக் குச்சியில் பிடித்து, அக்ரூட், எள், சோயா அரைத்த கூழ் தடவிச் சுடுவது. பசியோடு இருப்பவருக்கு இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

வழிகாட்டியின் அருமை இந்த நடையில்தான் தெரியும். அடர்ந்து நிற்கும் ஹினோகி மரங்களைக் காட்டி, ஒரு மரத்தை வெட்டினால் ஒரு தலை போகும் என்று எடோ காலத்தில் சட்டம் இருந்ததைச் சொல்வார். கிசோ-ஃபுகுஷிமாவின் சோதனைச் சாவடியில் எடோவுக்குள் போகும் துப்பாக்கிகளையும் எடோவிலிருந்து வெளியேறும் பெண்களையும்தான் குறிப்பாகத் தேடினார்கள். பிரபுக்களின் மனைவிமார் எடோவில் பணயமாக வைக்கப்பட்டிருந்தார்கள் அல்லவா, அவர்கள் தப்பினால் கலகம் வரும் என்ற பயம். 1861-ல் இளவரசி கசுனோமியா ஷோகனை (நாட்டை ஆண்ட படைத்தலைவரை) மணக்க இதே சாலையில்தான் பெரும் ஊர்வலமாகப் போனார். இதெல்லாம் தெரியாமல் நடந்தால் அது வெறும் காட்டுப்பாதை.

ட்சுமாகோ வந்ததும் மேலே மின்கம்பி இல்லாததைக் கவனியுங்கள். ரயில் பாதை வேறு பக்கம் போனதால் பாழாகிக்கொண்டிருந்த ஊர் இது. 1968-ல் வீடுகளைப் பழையபடி சீரமைக்கத் தொடங்கினார்கள். 1971-ல் ஊர்க்காரர்கள் தங்களுக்குள் ஒரு சாசனம் எழுதிக்கொண்டார்கள்: விற்க மாட்டோம், வாடகைக்கு விட மாட்டோம், இடிக்க மாட்டோம்.

ரியோகான் என்ற மரபு விடுதியில் முதல் ராத்திரி

சொன்ன நேரத்துக்கு விடுதிக்குப் போய்ச் சேருங்கள். இரவுச் சாப்பாடு ஆறு அல்லது ஆறரைக்கு. 'கொஞ்சம் லேட்டா சாப்பிடுறோம்' என்பது அங்கே நடக்காது.

வாசலில் காலணியைக் கழற்றியதும் வெறுந்தரையில் கால் வைக்காமல் மேடைமேல் ஏறி அங்குள்ள செருப்பைப் போடுங்கள். தத்தாமிப் பாய் விரித்த அறைக்குள் அந்தச் செருப்பும் கூடாது. கழிப்பறைக்கு அதற்கென்றே தனிச் செருப்பு இருக்கும். அதைப் போட்டபடியே சாப்பாட்டு அறைக்கு வந்து நிற்பது புதியவர்கள் எல்லோரும் செய்வது, சிரித்துவிட்டு விடுவார்கள். சுவரில் படம் தொங்கி, பூ வைத்திருக்கும் மாடத்தில் பெட்டியை வைக்காதீர்கள். யுகாதா கட்டும்போது இடப்பக்கத் துணி மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வந்தால் அது இறந்தவர்களுக்குக் கட்டும் முறை. அதேபோலச் சோற்றில் சாப்பிடும் குச்சிகளை நட்டு வைப்பதும், ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றுவதும் சாவுச் சடங்கு சம்பந்தப்பட்டவை.

இப்போது குளியல். நம்மவர்கள் மிகவும் தயங்குவது இதற்குத்தான். ஆண், பெண் தனித்தனி அறை. உள்ளே உடையில்லாமல்தான் போக வேண்டும், நீச்சல் உடைக்கு அனுமதி இல்லை. முதலில் சின்ன முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் குளித்துவிட வேண்டும். தொட்டி அழுக்குப் போக்குவதற்கு அல்ல, உடம்பு சூடேற உட்கார்வதற்கு. சின்னத் துண்டைத் தண்ணீரில் முக்காமல் தலையில் மடித்து வையுங்கள். நீண்ட முடியைக் கட்டிக்கொள்ளுங்கள். தண்ணீர் 40 பாகைக்கு மேல் இருக்கும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் சில நிமிடத்தில் எழுந்துவிடுவது நல்லது, குடித்துவிட்டு இறங்கவே கூடாது. பச்சை குத்தியிருந்தால் சில இடங்களில் விட மாட்டார்கள், வழிகாட்டியிடம் முன்பே சொல்லுங்கள். கூச்சம் தீரவே தீராது என்றால் பூட்டிக்கொண்டு குடும்பமாகக் குளிக்கும் தனித்தொட்டி பல விடுதிகளில் உண்டு. போனவுடன் நேரம் குறித்துக் கேட்டுவிடுங்கள்.

நீங்கள் சாப்பிடும்போதோ குளிக்கும்போதோ அறையில் ஃபூத்தோன் என்ற தரை மெத்தையை விரித்துவிடுவார்கள். சில குடும்ப விடுதிகளில் நாமே விரித்துக்கொள்ள வேண்டும். மெத்தை மெல்லியதாக இருந்தால் அலமாரியில் இன்னொன்று இருக்கும், எடுத்து அடியில் போட்டுக்கொள்ளலாம்.

ஷிராகவா-கோ: இது காட்சிக்கூடம் அல்ல

60 பாகை சரிவுள்ள, புல் வேய்ந்த கூரைகள். பனி தங்காமல் சரிய வேண்டும் என்பதற்காக அத்தனை செங்குத்து. ஆணி அடிக்காமல் கயிற்றால் கட்டிய கூரைச்சட்டம். மாடியில் முன்பு பட்டுப்புழு வளர்த்தார்கள். முப்பது, நாற்பது வருடத்துக்கு ஒருமுறை ஊரே கூடி ஒரு வீட்டுக்குக் கூரை மாற்றும். 1995-ல் பக்கத்து கோகயாமாவோடு சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் இது இடம்பெற்றது.

ஆனால் அந்த வீடுகளில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். கதவைத் தள்ளிப் பார்க்காதீர்கள். வயல் வரப்பில் ஏறிப் படம் எடுக்காதீர்கள். உள்ளே பார்க்க வாதா குடும்பத்து வீடு போலக் கட்டணம் வாங்கித் திறந்துவைத்த வீடுகள் உண்டு, அவற்றில் மாடிவரை ஏறலாம். நெருப்பு இந்த ஊரின் பெரும் பயம். ஒரு பொறி போதும், கூரை முழுதும் போய்விடும். தெருவில் புகைபிடிக்க நினைக்க வேண்டாம்.

குழுவாகப் போகும்போது பேச்சுச் சத்தம் நமக்கே தெரியாமல் ஏறும். தெருவை அடைத்து நிற்காமல் ஒரு ஓரமாக நின்று வழிகாட்டி சொல்வதைக் கேளுங்கள். குப்பைத்தொட்டி கண்ணில் படாது, அவரவர் குப்பை அவரவர் பையில். மாலையில் பேருந்துகள் போனதும் வெளியே வந்து ஒருமுறை ஊரைச் சுற்றுங்கள். காலைச் சாப்பாட்டுக்கு முன் இன்னொரு முறை. இதற்காகத்தான் இங்கே ராத்திரி தங்கச் சொன்னேன்.

சில சின்ன விஷயங்கள்

மலையில் சிறு கடைகளிலும் பேருந்திலும் ரொக்கம்தான் நம்பிக்கை. செவன்-லெவன் கடைகளிலும் தபால் நிலையங்களிலும் உள்ள ஏடிஎம்களில் வெளிநாட்டு அட்டை வேலை செய்யும். கிசோவுக்குள் நுழையும் முன் டோக்கியோவிலோ மட்சுமோட்டோவிலோ எடுத்துவிடுங்கள். உணவகத்திலும் விடுதியிலும் டிப்ஸ் கிடையாது. வைத்துவிட்டு வந்தால் 'மறந்துவிட்டீர்கள்' என்று துரத்திக்கொண்டு வருவார்கள். நம் ஊர் நிறுவனம் 'டிப்ஸ் தனி' என்று போட்டிருந்தால் அது அவர்கள் ஏற்பாடு, பணம் கட்டும் முன் யாருக்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

வழிகாட்டி 8:40 என்றால் 8:35-க்கு நில்லுங்கள். சிறு நிலையங்களில் ரயில் ஒரு நிமிடம்தான் நிற்கும், பன்னிரண்டு பேரும் அதற்குள் ஏற வேண்டும். ரயிலுக்குள் போனில் பேசுவதைத் தவிருங்கள். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம், பாட்டில் வாங்கிக் குவிக்க வேண்டாம். குழுவைத் தவறவிட்டால் தேடி அலையாமல் கடைசியாக எல்லோரும் சேர்ந்து நின்ற இடத்துக்கே திரும்புங்கள். விடுதியின் பெயரை ஜப்பானிய எழுத்தில் போனில் படமாக வைத்திருங்கள். ஆம்புலன்ஸ், தீயணைப்புக்கு 119, போலீசுக்கு 110.

ஷின்கான்சென் அதிவேக ரயிலில் கனசாவா பக்கமோ கியோட்டோ பக்கமோ போகும்போது பெட்டி அளவைப் பாருங்கள். டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா வழித்தடத்தில் நீளம், அகலம், உயரம் மூன்றும் கூட்டி 160 செ.மீ. தாண்டினால் அதற்கென்று இருக்கை முன்பதிவு செய்திருக்க வேண்டும். திரும்பும் நாளுக்கு முன்கூட்டியே பெட்டியை விமான நிலையத்துக்கு அனுப்பும் வசதியும் உண்டு. ஆனால் அது போய்ச் சேர ஒன்றிரண்டு நாள் ஆகும் என்பதால் விடுதிக்காரரிடம் கடைசித் தேதியைக் கேட்டு அனுப்புங்கள். வாங்கிய மிசோ, சாக்கே, ஊறுகாய் எல்லாம் விமானக் கணக்கில் திரவம்தான். கைப்பையில் போடாமல் பெட்டிக்குள்ளேயே துணி சுற்றி வையுங்கள். கையில் மிச்சமிருக்கும் யென் சில்லறையை நம் ஊரில் யாரும் மாற்றித் தர மாட்டார்கள், விமான நிலையக் கடையிலேயே செலவழித்துவிடுங்கள்.